மூன்றாவது விபத்து

“ஆக, ஒருத்தரும் சாகல.”

“இல்ல சார்.”

“நல்லா யோசிச்சுச் சொல்லும்மா. அவசரமில்ல.”

“யாரும் சாகல சார். விரல்தான் போச்சு.”

“எத்தன?”

“மூணு.”

அவர் முகம் தெளிந்தது. பேனாவின் மூடியைக் கழற்றினார். “மூணு பேருக்கா, ஒரே ஆளுக்கா?”

“ஒரே ஆளுக்குத்தான் சார்.”

பேனாவை மூடிவிட்டார். “அப்ப அது ஒரு விபத்துதாம்மா. மூணு விரல் போனாலும் முப்பது விரல் போனாலும் ஒரு ஆளுன்னா ஒரு விபத்து. முப்பது இருக்காதுன்னு வையி. ஒரு பேச்சுக்குச் சொல்றேன்.”

கேட்டவர் மலைச்சாமி. தொழிற்பாதுகாப்பு மேல்படிப்பு நிதிக் கழகத்தின் மதுரை அலுவலகத்தில் கண்காணிப்பாளர். பதில் சொன்னவள் ஆன்சி. வாடிப்பட்டி சாலையில் உள்ள ஒரு நூற்பாலையின் டைம் ஆபீஸில் எழுத்தர். வேதியியல் பட்டதாரி. தொழிலாளர் நலமும் பாதுகாப்பும் பற்றிய ஓராண்டு மேல்படிப்புக்குச் சென்னையில் ஒரு கல்லூரி அவளுக்கு இடம் கொடுத்திருந்தது. ஜூன் முப்பதாம் தேதிக்குள் நிதிக் கழகத்தின் கடிதத்தோடு போய் நின்றால் இடம் அவளுக்கு. போகாவிட்டால் பட்டியலில் அடுத்து இருப்பவருக்கு. அன்று 1999 ஜூன் ஏழு, திங்கட்கிழமை.

அலுவலகம் சிம்மக்கல் பக்கம் ஒரு பழைய கட்டிடத்தின் இரண்டாவது மாடியில் இருந்தது. ‘கைப்பிடியைப் பற்றி ஏறவும்’ என்று படிக்கட்டுச் சுவரில் எழுதியிருந்தது. கைப்பிடி இல்லை. நான்கு வருடத்துக்கு முன் அது யாரோ ஒருவரின் கையோடு வந்துவிட்டது. இப்போது பதிவறையில், கோப்பு எண் எழுதிய சீட்டு கட்டப்பட்டு, பத்திரமாக இருந்தது. மாடி வாசலில் சிவப்பாக ஒரு தீயணைப்பு உருளை நின்றது. யாரும் தூக்கிப் போய்விடக் கூடாது என்று அதைச் சங்கிலியால் சுவரோடு பிணைத்துப் பூட்டியிருந்தார்கள். சாவி வைத்திருந்தவர் ராமநாதபுரத்துக்கு மாற்றலாகியிருந்தார். தீப்பிடித்தால் அவருக்குத் தந்தி கொடுக்கலாம்.

மலைச்சாமி நீல அட்டைப் புத்தகத்தைப் பிரித்து, பள்ளிக்கூடத்தில் வாசிப்பதுபோல விரல் வைத்து வாசித்தார்.

“விதி ஏழு, அ. ‘விண்ணப்பதாரர் குறைந்தது மூன்று விபத்துகளில் தாமே முதலுதவி செய்த அனுபவம் உடையவராக இருத்தல் வேண்டும்.’ விதி ஏழு, ஆ. ‘விண்ணப்பதாரர் பணிபுரியும் தொழிற்சாலை தொடர்ந்து ஆயிரம் நாட்கள் விபத்து ஏதுமின்றி இயங்கியிருத்தல் வேண்டும்.’ அம்புட்டுதான். வேற ஒரு தொந்தரவும் இல்ல.”

“சார், விபத்தே நடக்காத எடத்துல வேலை பாக்குறவ மூணு விபத்துக்கு எங்க சார் போவா?”

“நல்ல கேள்வி,” என்றார் மலைச்சாமி. “ஒம்பது வருஷமா எல்லாரும் இதத்தான் கேக்குறாங்க. நானும் எல்லாருக்கும் நல்ல கேள்வின்னுதான் சொல்லிக்கிட்டு வாரேன்.”

“இதுவரைக்கும் எம்புட்டுப் பேருக்கு நிதி குடுத்திருக்கீங்க?”

“விண்ணப்பம் எழுநூத்துச் சொச்சம் வந்திருக்கு.”

“குடுத்தது சார்?”

“விண்ணப்பம் எழுநூத்துச் சொச்சம்,” என்று மலைச்சாமி அதே குரலில் மறுபடி சொன்னார். பிறகு படிவம் பதினொன்றை எடுத்து நீட்டினார். ஒரே தாள். மூன்று விபத்துகளுக்கு மூன்று கட்டங்கள். ஒவ்வொன்றிலும் பாதிக்கப்பட்டவர் கையெழுத்து. கீழே, மூன்றும் உண்மை என்று நிதிக் கழக இயக்குநரின் கையெழுத்து. ஆன்சி தாளை மின்விசிறிக் காற்றுக்கு எதிராகப் பிடித்துப் பார்த்தாள். இயக்குநர் கையெழுத்துக்கு விட்டிருந்த இடம் மற்ற எல்லாவற்றையும் விடப் பெரியது.

மறுநாள் காலை ஏழே முக்காலுக்கு அவள் வழக்கம்போல ஆலை வாசலில் இருந்த பலகையில் எண்ணை மாற்றினாள். ‘இந்த ஆலையில் விபத்தில்லா நாட்கள்’ என்ற எழுத்துக்குக் கீழே நான்கு கொக்கிகள். அவற்றில் தகர எண்கள். இரண்டைக் கழற்றி மூன்றை மாட்டியதும் 1413 ஆயிற்று. ஆலைக்குள் இதைவிட மரியாதையான பொருள் வேறு கிடையாது. வெள்ளிக்கிழமைகளில் வாட்ச்மேன் அதற்குச் சந்தனம் குங்குமம் வைத்துச் சூடம் காட்டினார். வெளியூர் வியாபாரிகள் அதன்முன் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள்.

எண் இப்படி வளர்ந்ததற்கு ஒரு முறை இருந்தது. ஆலைக்குள் யாருக்காவது அடிபட்டால், பக்கத்தில் இருக்கும் இரண்டு பேர் அவரை ஆளுக்கொரு பக்கமாகத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓட வேண்டும். எதிரே உள்ள டீக்கடை பெஞ்சில் உட்கார வைத்த பிறகுதான் என்ன ஆயிற்று என்று கேட்க வேண்டும். அவர் சொந்த வேலையாக வெளியே போனவர் என்று பதிவேட்டில் ஏறிவிடும். வெளியே போனவருக்கு வெளியே என்ன நடந்தால் ஆலைக்கு என்ன? புதிதாக வேலைக்குச் சேர்பவர்களுக்கு எந்திரத்தை நிறுத்தும் பொத்தான் எங்கே இருக்கிறது என்று யாரும் காட்டவில்லை. வாசலுக்குக் குறுக்கு வழி எது என்று முதல் நாளே காட்டினார்கள்.

மூன்று மாதத்துக்கு முன், மார்ச்சில், பாதுகாப்பு வாரம் கொண்டாடினார்கள். எந்திரங்களின் பல்சக்கர மூடிகளுக்கெல்லாம் பச்சை வண்ணம் பூசினால் பார்வைக்கு நன்றாக இருக்கும் என்று முடிவாகி, மூடிகளைக் கழற்றி வெயிலில் அடுக்கி வண்ணம் பூசினார்கள். வண்ணம் காயும்வரை எந்திரங்கள் மூடியில்லாமல் ஓடின. இரண்டாவது நாள், பாண்டியம்மாளின் வலது கையில் மூன்று விரல்கள் போயின.

அன்று அவளைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்கள் பின்னால் ஆன்சியும் ஓடினாள். முதலுதவிப் பெட்டி பூட்டிக் கிடந்தது. பஞ்சு திருடு போகிறது என்று மானேஜர் சாவியைத் தன்னிடம் வைத்திருந்தார். நூற்பாலையில் பஞ்சு திருடு போவதை அவரால் தாங்க முடியவில்லை. டீக்கடை பெஞ்சில் வைத்து ஆன்சி தன் துப்பட்டாவைக் கிழித்துக் கட்டினாள். ஆட்டோவில் ஏற்றி மதுரைக்குக் கொண்டு போனாள். அங்கே ஒரு இளம் டாக்டர் கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு, “விரல் எங்கே?” என்று கேட்டார்.

விரலைச் சுத்தமான துணியில் சுற்றி, பையில் போட்டு, ஐஸில் வைத்துக் கொண்டுவர வேண்டும் என்று ஆன்சிக்குத் தெரியாது. ஓடியவர்களுக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் ஒரு விரலாவது ஒட்டியிருக்கும் என்று டாக்டர் சொன்னார். அவள் ஆலைக்குத் திரும்பியபோது இரண்டாவது ஷிப்ட் ஆரம்பித்திருந்தது. தரையைக் கூட்டிவிட்டிருந்தார்கள். மறுநாள் காலை அவள் பலகையில் எண்ணைக் கூட்டி மாட்டினாள். அன்று சாயங்காலம்தான் சென்னைக்கு விண்ணப்பம் எழுதினாள்.

மானேஜர் வெங்கடேஷ்பாபு ஏழு ஆ-வுக்கான சான்றிதழை மகிழ்ச்சியோடு கொடுத்தார். ஆயிரம் கேட்டால் ஆயிரத்து நானூற்றுப் பதின்மூன்றாகவே கொடுத்தார். “நம்ம மில்லுலருந்து ஒரு பொண்ணு பாதுகாப்புப் படிக்கப் போறது எனக்குப் பெருமை ஆன்சி,” என்றார்.

“சார், பாண்டியம்மாக்கா விபத்துக்கு ஒரு கடிதம் வேணும்.”

“எந்த விபத்து?”

“விரல் போச்சே சார்.”

“அது விபத்தில்லையே. அவங்க சொந்த வேலையா வெளியில போயிருந்தாங்க. நீதான ரிஜிஸ்டர்ல எழுதின?”

“நீங்க சொன்னதத்தான் சார் எழுதினேன்.”

“கையெழுத்து உன்னோடது.” அவர் குரலில் கோபம் இல்லை. “ஒரு விபத்துன்னு ஒத்துக்கிட்டா போர்டு சைபருக்குப் போயிரும். சைபர் தகடு நம்மகிட்ட ரெண்டுதான் இருக்கு. கொக்கி நாலு. நல்லாவா இருக்கும்?”

பாண்டியம்மாள் இப்போது பஞ்சுக் கழிவு கூட்டும் வேலையில் இருந்தாள். விளக்குமாற்றை இடது அக்குளில் இடுக்கிக்கொண்டு கூட்டினாள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஆன்சி படிவத்தைக் காட்டினாள்.

“எம் பேரத் தாராளமா எழுதிக்க. எடம் என்னான்னு போடுவ?”

“மில்லு ரிஜிஸ்டர்படி, கேட்டுக்கு வெளியிலக்கா.”

“அப்பிடியா. அப்ப டீக்கடை வாசல்ல நல்லாத் தேடிப் பாரு புள்ள. எம் மூணு விரலும் அங்கனதான் கெடக்கும்.” சொல்லிவிட்டு ஒரு வாய் சோறு தின்றாள். பிறகு இடது கையை நீட்டினாள். “பேனாவக் குடு.”

வியாழக்கிழமை இருவரும் அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டு நிதிக் கழகத்துக்குப் போனார்கள். பாண்டியம்மாள் இல்லாத கைப்பிடியைப் பற்றச் சொன்ன எழுத்தைப் படித்துவிட்டு, “நமக்குத் தோதான எடம்தான்,” என்றாள்.

மலைச்சாமி படிவத்தையும் பாண்டியம்மாளின் பழைய சம்பளச் சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார்.

“கையெழுத்து ஒத்துவரலியேம்மா. பழசுல எழுத்து நேரா இருக்கு. இதுல கோணிக்கிட்டு ஓடுது.”

“அது விரல் இருக்கையில போட்டது,” என்றாள் பாண்டியம்மாள். “இது இடது கை.”

“வலது கையால போட்டாத்தான் செல்லும்.”

“வலது கையில விரல் இருந்தா, நான் எதுக்குய்யா இந்தக் காயிதத்துல கையெழுத்துப் போடுறேன்?”

மலைச்சாமி பேனாவைக் கீழே வைத்தார். ஒன்பது வருடத்தில் அவரிடம் எல்லாரும் நல்ல கேள்வி கேட்டிருந்தார்களே தவிர, யாரும் இப்படிக் கேட்டதில்லை. மேசை மேல் இருந்த அந்தக் கையை ஒரு தடவை பார்த்தார். பிறகு அதிகம் பயன்படுத்தாத ஒரு ரப்பர் முத்திரையை இழுப்பறையின் அடியிலிருந்து தேடியெடுத்து, முதல் கட்டத்தில் குத்தினார்.

“மில்லுக்கு வெளியில நடந்த விபத்துன்னாலும் பரவால்லையா சார்?” என்று ஆன்சி கேட்டாள்.

அவர் நீலப் புத்தகத்தைப் பார்த்தார். “எங்க நடந்திருக்கணும்னு போடலம்மா. ஏழு அ-வுல எடம் சொல்லல.” இதை அவரே அப்போதுதான் கண்டுபிடித்தார் போலிருந்தது. குரலைத் தாழ்த்திக்கொண்டார். “ஆஸ்பத்திரி வாசல்ல போயி நின்னாக்கூட...”

வெளியே ‘ஐயோ’ என்று சத்தம் கேட்டது. தபால் கொடுக்க வந்த காளை படிக்கட்டின் ஒன்பதாவது படியிலிருந்து முதல் படிக்கு வந்து சேர்ந்திருந்தார். கடிதங்கள் எல்லாப் படிகளிலும் கிடந்தன. முழங்காலில் தோல் வழன்று ரத்தம். ஆன்சி பையிலிருந்து பஞ்சும் மருந்தும் எடுத்துக்கொண்டு இறங்கினாள். விரல் போன நாளிலிருந்து அவள் அவை இல்லாமல் வீட்டை விட்டுக் கிளம்புவதில்லை. எலும்பு முறிந்திருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக் கட்டுப் போட ஆரம்பித்தாள். அதற்குள் அலுவலகத்திலிருந்து இரண்டு பேர் ஓடி வந்தார்கள். ஒரு வார்த்தை பேசவில்லை. காளையை ஆளுக்கொரு பக்கமாகத் தூக்கினார்கள். வாசலைத் தாண்டிக் கொண்டுபோய்ச் சாலையோரம் ஒரு கரும்புச் சாறு வண்டியின் நிழலில் உட்கார வைத்தார்கள்.

ஆன்சி கட்டுத் துணியின் ஒரு நுனியைப் பிடித்தபடியே கூட ஓட வேண்டியிருந்தது.

“இங்க ஒம்பது வருஷமா விபத்தே கெடையாதும்மா,” என்றார் தூக்கியவர்களில் ஒருவர், மூச்சு வாங்க. “நாங்களே விபத்து வச்சிருந்தா மத்தவங்களுக்கு எப்பிடிச் சொல்றது?”

“நம்ம மில்லுல பயிற்சி எடுத்தவரு போல,” என்றாள் பாண்டியம்மாள்.

காளை இரண்டாவது கட்டத்தில் கையெழுத்துப் போட்டார். இடம் என்ற இடத்தில் ‘ரோடு’ என்று எழுதலாம் எனத் தூக்கியவர் சொன்னார். “மாசத்துக்கு ரெண்டு தடவ அந்தப் படியில விழுறேன் தாயி, ரோட்டுல நான் விழுந்ததே இல்ல,” என்று காளை தாமே ‘படி’ என்று எழுதிக் கொடுத்தார்.

மலைச்சாமி மாடிச் சன்னலிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். ஆன்சி மேலே வந்ததும் ஏழு ஆ சான்றிதழில் ‘சரிபார்க்கப்பட்டது’ என்று முத்திரை குத்தி, தேதி போட்டார். அது இனித் தொண்ணூறு நாளைக்குச் செல்லும், இடையில் என்ன நடந்தாலும் செல்லும் என்றார். “இன்னும் ஒண்ணேயொண்ணு. இருவத்தெட்டாம் தேதி எங்க பத்தாம் ஆண்டு விழா உங்க மில்லுலதான். இயக்குநர் வாரார். மூணாவது கட்டம் நெறஞ்சிருந்தா அன்னிக்கே கையெழுத்து வாங்கிரலாம்.” கொஞ்சம் தயங்கினார். “நான் சொன்னேன்னு சொல்லாத.”

அன்றிலிருந்து ஆன்சி ஒரு விபத்துக்காகக் காத்திருக்க வேண்டியவள் ஆனாள். விபத்தைத் தடுக்கப் படிப்பதற்கு யாருக்காவது விபத்து நடக்க வேண்டும். இரவல் புத்தகங்களில் அவள் படித்திருந்த எந்தத் தூர தேசத்து அரசனும் இவ்வளவு நேர்த்தியான நிபந்தனை போட்டதில்லை. நடக்கும்போது அவளை அறியாமலே கண்கள் எந்திரங்களின் ஓரங்களில் போய் நின்றன. எண்ணெய் சிந்திய தரை, அவிழ்ந்து தொங்கும் வயர், உயரத்தில் செருப்பில்லாமல் நிற்கும் கால். முன்பு இவை கவலையாகத் தெரிந்தன. இப்போது இவற்றுக்குப் படிவத்தில் ஒரு கட்டம் இருந்தது. அது அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

இருபத்தோராம் தேதி காலையில், புதிதாகச் சேர்ந்திருந்த சூடாமணி குனிந்து நூலை முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாள். அவள் முந்தானை நழுவி, சுற்றும் பெல்ட்டை நோக்கி மெதுவாகப் பறந்தது. ஆன்சி ஆறடி தூரத்தில் நின்றாள். பாய்ந்து முந்தானையைப் பிடித்து இழுத்து, அந்தப் பெண்ணின் இடுப்பில் செருகிவிட்டு, எந்திரத்தை நிறுத்தும் பொத்தான் இதுதான், இங்கே இருக்கிறது, இப்படி அழுத்த வேண்டும் என்று அவள் கையைப் பிடித்து இரண்டு தடவை அழுத்திக் காட்டினாள். எந்திரம் நின்றதற்காக மேஸ்திரி கத்தினார். ஆன்சி மூன்றாவது தடவையும் அழுத்திக் காட்டினாள்.

விளக்குமாற்றோடு பார்த்துக்கொண்டிருந்த பாண்டியம்மாள் சொன்னாள்: “போச்சா. பேசாம நின்னிருந்தா மெட்ராசுக்கு டிக்கெட் எடுத்திருப்ப.”

“அக்கா.”

“சும்மா சொன்னேன் புள்ள. ஒன்னால முடியாது. அதுதான் ஒனக்கு இருக்குற கோளாறு.”

அதற்குப் பிறகு அந்த வாரம் முழுக்க ஆன்சி ஷிப்டுக்கு ஷிப்ட் போய் எல்லாப் பெண்களுக்கும் பொத்தானைக் காட்டிக்கொடுத்தாள். ஆலையில் அந்த வாரம் உண்மையாகவே விபத்து எதுவும் நடக்கவில்லை. அதனால் பலகையில் எந்த வித்தியாசமும் தெரியவில்லை.

விழாவுக்கு முந்தைய நாள் மேடை போட்டார்கள். காலி எண்ணெய் பீப்பாய்களை நிறுத்தி, அவற்றின் மேல் பலகைகளைப் பரப்பி, சிவப்புக் கம்பளம் விரித்தார்கள். ஆன்சி கம்பளத்தைத் தூக்கிப் பார்த்தாள். நடுப் பலகை பாதி உளுத்துப் போயிருந்தது. மானேஜருக்கு எழுத்து மூலம் தெரிவித்தாள். ‘நன்றி. விழா முடிந்ததும் பரிசீலிக்கப்படும்’ என்று குறிப்பெழுதித் திரும்பி வந்தது. வாயாலும் போய்ச் சொன்னாள்.

“பேசுறவர் மைக்குக்குப் பின்னாலதான் நிக்கணும் சார். நடுவுல வரக் கூடாது.”

“இயக்குநரப் பாத்து நடுவுல வராதீங்கன்னு நான் சொல்லவா?” என்றார் வெங்கடேஷ்பாபு. “நீ போர்ட மட்டும் பாரு. நாளைக்கி ஆயிரத்து நானூத்தி முப்பத்தி மூணு. எண்ணெய் போட்டுத் தொடச்சு வை. அப்புறம், உறுதிமொழி எடுக்கையில எல்லாரும் வலது கைய நீட்டணும். முடியிற வரைக்கும் ஒருத்தர் கையும் எறங்கக் கூடாது. போன வருஷம் பாதியில எறக்கிட்டாங்க. போட்டோவுல அசிங்கமா இருந்துச்சு. எறக்குனா அரை நாள் சம்பளம் கட்டுன்னு எல்லாருக்கும் சொல்லிரு.”

ஆன்சி எல்லாருக்கும் சொன்னாள்.

இருபத்தெட்டாம் தேதி இரண்டு ஷிப்டையும் சேர்த்து மைதானத்தில் நிறுத்தினார்கள். பந்தல் மேடைக்கு மட்டும்தான். வெயிலில் நின்றவர்களில் ஒருவர் மயங்கியபோது இரண்டு பேர் அவரைப் பழக்க தோஷத்தில் வாசலுக்கு வெளியே கொண்டுபோனார்கள். இயக்குநர் சீதாராமன் பதினொரு மணிக்கு வந்தார். தூய வெள்ளை உடை. இனிமையான மனிதர். கழுத்தில் விழுந்த மாலைகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, கொண்டுவந்தவரிடமே திருப்பிக் கொடுத்தார்.

“பத்தாம் ஆண்டில் அடியெடுத்து வைக்கிறோம்,” என்று அவர் பேச ஆரம்பித்தார். “தொழிற்பாதுகாப்புப் படிப்புக்காக நம்மிடம் ஒரு நிதி ஒப்படைக்கப்பட்டது. நம் பெயரிலேயே பாதுகாப்பு இருக்கிறது. அந்த நிதியை நாம் எப்படி வைத்திருக்கிறோம்? ஒன்பது ஆண்டுகளில் அதன்மேல் ஒரு கீறல் விழுந்ததா? இல்லை. கொடுத்தது அப்படியே இருக்கிறது. கூடவும் செய்திருக்கிறது. இதற்கு இணையாக இந்த நாட்டில் பாதுகாக்கப்பட்ட பொருள் வேறு ஏதாவது உண்டா என்று கேட்கிறேன்.”

மேடையில் இருந்தவர்கள் கை தட்டினார்கள்.

“சிலர் கேட்கிறார்கள், யாருக்கும் கொடுக்கவில்லையே என்று. கொடுத்தால் என்ன ஆகும்? ஒருவர் படிப்பார். படித்தவர் சும்மா இருப்பாரா? ஆலைக்குப் போய் விபத்துகளைத் தேடுவார். தேடினால் கிடைக்கும். கிடைத்தால் எழுதுவார். நேற்றுவரை ஒரு விபத்தும் இல்லாத ஆலையில் இன்று நாற்பது விபத்து! காரணம் என்ன? பயிற்சி. ஆகவே பயிற்சியே விபத்துக்கு முதல் காரணம் என்பது எங்கள் கழகத்தின் ஆய்வு முடிவு. இருந்தாலும் நாங்கள் பயிற்சிக்கு எதிரானவர்கள் அல்ல. தகுதியான ஒருவர் வரட்டும் என்று ஒன்பது ஆண்டுகளாகக் கதவைத் திறந்தே வைத்திருக்கிறோம். வாசலில் வழுக்கும் என்பதால் யாரையும் நாங்கள் அவசரப்படுத்துவதில்லை.”

மேடை ஓரத்தில் நின்றிருந்த மலைச்சாமி தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்து உறுதிமொழி. இயக்குநர் சொல்லச் சொல்ல எல்லாரும் திருப்பிச் சொல்ல வேண்டும். எண்ணூறு வலது கைகள் முன்னால் நீண்டன. முதல் வரிசையில் பாண்டியம்மாளின் கை கட்டைவிரலும் சுண்டுவிரலுமாக நீண்டது. அதற்குப் பின்னால் நடுவிரல் இல்லாத கைகள், பாதி ஆள்காட்டி விரல் உள்ள கைகள், மணிக்கட்டு திரும்பாத ஒரு கை. இத்தனை கைகளை ஒன்றாக நீட்டச் சொல்லாமல் இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. ஆன்சி மேடையின் பக்கவாட்டில் இருந்து அதைப் பார்த்தாள். டைம் ஆபீஸ் பதிவேட்டில் இவர்கள் எல்லாரும் சொந்த வேலையாக வெளியே போனவர்கள். அவளே எழுதியது. அவளுக்கு முன்னால் இருந்த எழுத்தர் எழுதியது.

“பாதுகாப்பே எம் மூச்சென...” என்றார் இயக்குநர். எண்ணூறு பேரும் சொன்னார்கள். கூட்டத்தை நெருங்கிச் சொன்னால் உருக்கமாக இருக்கும் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். மைக்கைக் கையில் எடுத்துக்கொண்டு நடுவுக்கு வந்தார். “சார், அங்க வேணாம்,” என்று ஆன்சி கத்தினாள். அவர் அவளைப் பார்த்துப் புன்னகை செய்தார்.

“இந்த வளாகத்தில் விபத்து என்னும் சொல்லே...”

பலகை ஒடிந்தது. அவர் வலது கால் தொடைவரை கம்பளத்தோடு உள்ளே போயிற்று. இடது கால் வெளியே, ஒரு நமஸ்காரத்தின் பாதிபோல மடங்கி நின்றது. மைக் உருண்டது.

“இந்த வளாகத்தில் விபத்து என்னும் சொல்லே,” என்று எண்ணூறு பேரும் திருப்பிச் சொன்னார்கள்.

மானேஜர்தான் முதலில் சுதாரித்தார். “தூக்குங்க, தூக்குங்க. கேட்டுக்கு வெளியில. கருப்பு, மருது, இங்க வாங்கடா.”

முதல் வரிசையில் நின்ற கருப்பும் மருதுவும் அசையவில்லை. கைகள் நீட்டியபடியே இருந்தன.

“என்னடா பாத்துக்கிட்டு நிக்கிறீங்க?”

“உறுதிமொழி இன்னம் முடியலீங்களே சார்,” என்றாள் பாண்டியம்மாள். “எறக்குனா அரை நாள் சம்பளம்னு சொன்னீங்க.”

“நான் சொல்றேன், எறக்குங்க.”

“முடிச்சு வைக்கச் சொல்லுங்க, எறக்குறோம்.”

யாரும் இறக்கவில்லை. கடைசி வரிசையில் ஒருவர் சிரித்துவிட்டு உடனே முகத்தைச் சரிசெய்துகொண்டார். மேடையில் இருந்த பிரமுகர்கள், இன்னும் எந்தப் பலகை ஒடியும் என்று தெரியாததால், நாற்காலிகளிலேயே இருந்தார்கள். மானேஜர் தாமே ஒரு அடி வைத்தார். பலகை முனகியது. அடியைத் திரும்ப எடுத்துக்கொண்டார்.

ஆன்சி பீப்பாய்க்கு மேல் உள்ள பலகைகளை மட்டும் மிதித்து நடுவுக்குப் போனாள். “கால இழுக்காதீங்க சார். ஆணி இருக்கும்.” கம்பளத்தைக் கிழித்து, ஒடிந்த மரத்தை ஒவ்வொன்றாக விலக்கி, காலை மெதுவாக வெளியே எடுத்தாள். முழங்காலுக்குக் கீழே ஆழமான கீறல். வெள்ளைக் கால்சட்டை சிவந்துகொண்டிருந்தது. முதலுதவிப் பெட்டி மேடையில் மாலை போட்டு வைக்கப்பட்டிருந்தது. “சாவி,” என்றாள். மானேஜர் எல்லாப் பைகளையும் தடவினார். அவள் காத்திருக்கவில்லை. பையிலிருந்து மருந்தும் பஞ்சும் எடுத்துத் துடைத்தாள். துணி போதவில்லை. அந்த வருடத்தில் இரண்டாவது தடவையாகத் துப்பட்டாவைக் கிழித்தாள்.

“என்னை வெளியே கொண்டுபோயிருங்கம்மா,” என்றார் இயக்குநர் மெதுவாக. அவர் உதடு வெளுத்திருந்தது. “இங்கே வேண்டாம். வெளியே போயிரலாம்.”

“போகலாம் சார். கட்டு முடியட்டும். ஆணி குத்தியிருக்கு, ஊசி போடணும். நான் கூட வாரேன்.” அவள் முடிச்சைச் சரிபார்த்தாள். ரத்தம் நின்றிருந்தது. அவர் கால் விரல்களை அசைக்கச் சொன்னாள். அசைத்தார். ஐந்தும் இருந்தன.

பிறகு அவள் கையைத் துடைத்துக்கொண்டு, பையிலிருந்து நான்காக மடித்த தாளை எடுத்து, பெட்டியின் மேல் இருந்த மாலையை ஓரமாக நகர்த்திவிட்டு விரித்தாள். மூன்றாவது கட்டத்தில் பெயர், நேரம் எழுதினாள். இடம் என்ற இடத்தில் ‘ஆலைக்கு உள்ளே’ என்று எழுதினாள். மேடை ஓரத்தில் மலைச்சாமி சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றி, உளுக்காத பலகை வழியாக அவளிடம் எட்டிக் கொடுத்தார். கீழே எண்ணூறு கைகள் வெயிலில் அப்படியே நீண்டிருந்தன.

“சார், ஒண்ணு பாண்டியம்மாள், ரெண்டு காளை, மூணாவது நீங்க,” என்று ஆன்சி பேனாவை அவரிடம் நீட்டினாள். “ரெண்டு எடத்துல கையெழுத்து வேணும். பாதிக்கப்பட்டவர்னு இருக்குல்ல, அங்க ஒண்ணு. கீழ, மூணும் நடந்தது உண்மைன்னு இயக்குநர் போடுற எடத்துல ஒண்ணு. போட்டுக் குடுங்க சார்.”